முற்பாதிக்காரரின் சீட்டுகள்

சுபம் அக்கா இந்த ஐந்து வருஷத்தில் அறுபத்திரண்டு பேய்களுக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறாள். பேய் என்று பொதுவாகத்தான் சொல்கிறேன். அதில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாகிறவர்கள் உண்டு, ரத்தம் மட்டுமே குடிக்கிற கண்ணியமான மனிதர்கள் உண்டு, இருநூறு வருஷம் கிணற்றுக்குள் தவளையாக உட்கார்ந்திருந்த ஒரு தளபதிகூட உண்டு. சின்ன வயதில் நம்மைத் தூங்க வைக்கச் சொன்ன அதே கதைகள்தான். அவற்றை வளர்ந்தவர்களுக்குத் தூக்கம் கெடுகிற மாதிரி திருப்பி எழுதி, மாதம் ஒன்றாக, நூற்றறுபது பக்கத்தில் போடுகிற சின்னப் பதிப்பகம் அது. கடைசி நான்கு அத்தியாயம் எழுதுவது அவள் வேலை. சாபம் நீங்க வேண்டும், முத்தம் விழ வேண்டும், கல்யாணம் நடக்க வேண்டும், கீழே 'சுபம்' என்று போட வேண்டும். அதனால் ஆபீசில் எல்லோருக்கும் அவள் சுபம் அக்கா. கல்யாணமே ஆகாதவளுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

வயது நாற்பத்தொன்பது. காலையில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. கன்னம் வீங்கி வருகிறவர்களை வரிசையாக உட்கார வைத்து, பேச முடியாதவர்களின் ஜாடையைப் புரிந்துகொண்டு பெயர் எழுதி, "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட வேண்டும். மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்தால், துணி துவைக்கும் மெஷின் இருக்கிற அறைதான் அவளுடைய அறை. மெஷின் மூடிதான் மேஜை. அண்ணி துணி போட்டுவிட்டால் மெஷின் சுற்றி நிற்கிற வரைக்கும் ஓநாயும் இளவரசியும் காத்திருக்க வேண்டியதுதான். அவசரத்துக்கு எழுதினால் எழுத்தெல்லாம் நடுங்கும்.

அண்ணி கெட்டவள் இல்லை. வாய்தான் நீளம். "ஊருல உள்ள பிசாசுக்கெல்லாம் மாப்பிள்ளைக் கோலம் போடற, உனக்கு ஒரு குட்டிச்சாத்தான்கூட அமையலயே" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். இவளும் சிரிப்பாள். வேறென்ன செய்வது? முப்பது வயதில் இரண்டு இடம் வந்து தட்டிப்போனது. அதற்குள் அம்மா படுத்துவிட்டாள். பத்து வருஷம் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்தே கை பழகிப்போனது. அம்மா போன பிறகு நிமிர்ந்து பார்த்தால் நாற்பத்து மூன்று. அதற்கப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

பதிப்பகத்தில் ஒரு கதையை ஒருவரே எழுதுகிற வழக்கம் கிடையாது. முற்பாதிக்காரர் பன்னிரண்டு அத்தியாயம் எழுதித் தருவார். சாபம், காடு, இருட்டு அரண்மனை, காதல், பிரிவு எல்லாம் அவர் பாடு. பிற்பாதிக்காரி முடித்து வைப்பாள். முற்பாதிக்காரர்கள் மூன்று பேர். பிற்பாதிக்கு இவள் ஒருத்தி. சேர்ந்த அன்றைக்கே முதலாளி ஒரு சட்டம் சொன்னார். முன்னே எழுதுகிறவரும் பின்னே எழுதுகிறவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது, விசாரிக்கவும் கூடாதாம். எழுத்தாளர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஒன்று சண்டையில் முடியும், இல்லாவிட்டால் கல்யாணத்தில் முடியும், இரண்டிலும் நஷ்டம் தனக்குத்தான் என்றார். இவளும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஆனால் ஒரு வழி இருந்தது. முற்பாதியின் கடைசித் தாளில் ஒரு சீட்டைக் குத்தி அனுப்புவது ஆபீஸ் வழக்கம். பின்னால் எழுதுகிறவர் தப்புப் பண்ணாமல் இருப்பதற்காக அதில் இரண்டு எச்சரிக்கை இருக்கும். நாயகனுக்கு நிழல் கிடையாது, விளக்கு முன்னால் நிறுத்திவிடாதே. நாயகிக்கு இடது காது கேட்காது, அந்தப் பக்கம் நின்று ரகசியம் சொல்ல வைக்காதே. அவ்வளவுதான். இரண்டு பேர் அதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவார்கள். மூன்றாமவர் மட்டும் கோடு போட்ட தாளில் பச்சை மையால், கையால் எழுதுவார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் அவர் கட்டு வரும். பிரித்தால் அவருடைய ஓநாய்க்குக்கூடக் குளிரும், பசிக்கும், வெட்கம் வரும்.

அவர் சீட்டும் வேறு மாதிரி. "நாயகிக்கு மீன் வாடை ஆகாது. கடற்கரையில் கல்யாணத்தை வைத்து அவளை வாந்தி எடுக்க வைத்துவிடாதீர்கள்" என்று முதல் சீட்டில் இருந்தது. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். இரண்டாவது கட்டில் வந்த சீட்டுதான் ஆளைக் கவிழ்த்தது: "போன கதையில் முத்தத்தை இரண்டு பக்கம் தள்ளிப்போட்டீர்களே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குப் பொறுமை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது."

போன கதையில் முத்தத்தை இரண்டு பக்கம் தள்ளித்தான் போட்டிருந்தாள். நாற்பத்து நான்கு வயதில், துவைத்த துணி வாடைக்கு நடுவில், உன் பொறுமை எனக்குத் தெரிகிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் மனசு என்ன ஆகும்? அவளுக்கு ஆகிவிட்டது. அதை நான் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. பார்த்திராத ஒரு மனிதர்மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு சீட்டு என்ற கணக்கில் அவள் உயிர் ஓடியது. எல்லாச் சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உடுத்துகிற துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். பதில் எழுத ஆபீசில் வழி கிடையாது. ஆகவே பிற்பாதியிலேயே பதில் சொன்னாள். தலைவலி என்று அவர் எழுதியிருந்தால், அடுத்த கதையில் சூனியக்காரன் நெற்றியில் நாயகி ஈரத்துணி போடுவாள். மனிதர் புத்தகத்தைப் படிப்பார், புரிந்துகொள்வார் என்று நம்பினாள்.

பதினெட்டாவது கட்டு வந்தபோது அதில் இப்படி ஒரு சீட்டு இருந்தது. "ரயில் நிலையத்தில், மூன்றாம் நடைமேடையில், கடிகாரத்துக்குக் கீழே இருக்கிற பெஞ்சில் சாயங்காலம் வரைக்கும் இருந்தேன். நீங்கள் வரவில்லை. பரவாயில்லை. மழை பெய்ததால் கிளம்பியிருக்க மாட்டீர்கள்."

வரச்சொல்லி எழுதிய சீட்டே அவளிடம் வரவில்லையே! ஒரு மனிதர் தன்னை நம்பிப் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். தான் அந்த நேரத்தில் யாருடைய கடைவாய்ப் பல்லுக்கோ பெயர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். நினைக்க நினைக்க அழுகை வந்தது. மறுநாளே ஆபீசுக்கு ஓடினாள். பக்கங்களை அமைக்கிற லேஅவுட்காரரிடம், ஏதாவது ஒரு சீட்டு கீழே விழுந்ததா என்று சட்டத்துக்கு உட்பட்டு நாசூக்காகக் கேட்டாள். மேஜைக்கு அடியில் ஏழெட்டு வருஷத்துக் குப்பை இருக்கிறது, வேண்டுமானால் நுழைந்து தேடிக்கொள்ளுங்கள் என்றார் அவர். உண்மையிலேயே நுழைந்து தேடினாள். தும்மல் வந்ததுதான் மிச்சம்.

அதனால் அந்தப் பதினெட்டாவது கதையின் முடிவில் ஒரு காரியம் செய்தாள். முள்வேலிக்குள் நூறு வருஷம் தூங்கிய ஒருவன், அவனை எழுப்ப வந்த ஒரு வக்கீல் அம்மாள், இதுதான் கதை. கல்யாணத்துக்கு முந்திய பக்கத்தில் அந்த வக்கீல் இப்படிச் சொல்கிறாள்: "நீங்கள் அழைத்தது என் கைக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் மழையில் நனைந்தாவது வந்திருப்பேன். மூன்றாம் நடைமேடையில், கடிகாரத்துக்குக் கீழே, இந்த மாதம் கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருப்பேன். எனக்காக இன்னொரு தடவை வாருங்கள்." முள்வேலிக் கோட்டைக்குப் பக்கத்தில் ரயில் எங்கே வந்தது என்று முதலாளி கேட்கவில்லை. அவர் பார்ப்பதெல்லாம் நூற்றறுபது பக்கம் சரியாக வந்திருக்கிறதா என்பதைத்தான்.

புத்தகம் அந்த மாதம் முதல் தேதி கடைக்கு வந்தது. சுபம் அக்கா புதுச் செருப்பு வாங்கினாள். டாக்டரிடம் சனிக்கிழமை லீவு சொன்னாள். ஐந்து வருஷத்தில் முதல் லீவு என்பதால் அவர் உடம்புக்கு என்ன என்று பயந்துவிட்டார். நரையை மறைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்று விட்டாள். அவர் கிழவராக இருக்கலாம், நொண்டியாக இருக்கலாம், பேரன் பேத்தி எடுத்தவராகக்கூட இருக்கலாம். வந்தால் போதும். தனக்காக என்று ஒரு மனிதர் ஒரு தடவை வந்து நிற்க வேண்டும், அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, அடுத்த கட்டு வந்திருப்பதாக ஆபீசிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பச்சை மைதான். போய் வாங்கி, அங்கேயே நின்று புரட்டினாள். பன்னிரண்டு அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தது. ஏழாவதும் பாதி வாக்கியத்தில் நின்றது. சீட்டு இல்லை. மீதி எங்கே என்று லேஅவுட்காரரைக் கேட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அவ்வளவுதான் இருக்கு, அக்கா. அதோட மனுஷன் போயிட்டார். மீதிய நீங்களே பாத்து எழுதணும்னு முதலாளி சொன்னார்."

"எங்க போயிட்டார்?"

இப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். "எங்க போவாங்க? செத்துட்டார். ஆறு வருஷம் ஆச்சு. உங்களுக்குத் தெரியாதா? நீங்க வர்றதுக்கு முன்னாடியே."

விஷயம் இதுதான். அவர் வேகமாக எழுதுகிறவர். அப்போது இருந்த பிற்பாதிக்காரியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. முற்பாதிகள் சேர்ந்துகொண்டே போயின. பிறகு ஒருநாள் அந்த அம்மாள் கல்யாணம் ஆகி வெளியூருக்குப் போய்விட்டாள்; இவள் வரும்வரை பிற்பாதிகளை ஆள் மாற்றி ஆள் ஒப்பேற்றினார்கள். அந்த அம்மாள் போனதைச் சொன்னால் எழுதுவதை நிறுத்திவிடுவாரோ என்று முதலாளி இவரிடம் மூச்சு விடவில்லை. அவர் இல்லாத ஆளுக்கே இரண்டு வருஷம் எழுதி, சீட்டும் குத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். நெஞ்சுவலியில் போனபோது பீரோவில் பத்தொன்பது கட்டு இருந்தது. நல்ல பாத்திரத்தை விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற மாதிரி முதலாளி அதை, எது முந்தி எது பிந்தி என்று பார்க்காமல், வருஷத்துக்கு நான்காக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் சீட்டில் இருந்த 'நீங்கள்' இவள் இல்லை. ஒன்றில்கூட இல்லை. அந்த முத்தம்? அவள் லேஅவுட்காரரைக் கேட்டாள், முன்னே இருந்த அம்மாளும் முத்தத்தைத் தள்ளிப்போடுவார்களா என்று. அவர் சிரித்துவிட்டார். நூற்றைம்பத்து நான்காம் பக்கத்துக்கு முன்னால் முத்தம் வரக்கூடாது என்பது முதலாளி கணக்கு, அதற்கு ஏற்றபடி தானே பத்தி பிரித்து இரண்டு பக்கம் தள்ளிவிடுவதாகவும், எல்லாருடைய கதையிலும் அப்படித்தான் என்றும் சொன்னார். பொறுமை என்று பச்சை மைக்காரர் நெகிழ்ந்தது லேஅவுட்காரரின் கைவேலையைப் பார்த்து. சுபம் அக்கா கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் தலையை வைத்து அழுதாள். அந்தச் சத்தத்தில் அண்ணிக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவள் ஏன் போனாள் என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது. லீவு சொல்லியாகிவிட்டது, செருப்பு வாங்கியாகிவிட்டது, வீட்டில் இருந்தால் அண்ணி காரணம் கேட்பாள். சீட்டு உறையையும் பையில் போட்டுக்கொண்டு, ஒன்பதே முக்காலுக்கு மூன்றாம் நடைமேடைக்குப் போனாள். கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல துணி உடுத்தி, முகத்துக்கு லேசாகப் பவுடர் போட்டிருந்தாள். மடியில் அந்த மாதத்துப் புத்தகம் இருந்தது.

புத்தகத்தைப் பார்த்ததும் இவள் அங்கேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணே சிரித்து, ஒதுங்கி இடம் கொடுத்தாள். பத்து மணி தாண்டியதும் அந்தப் பெண்ணுக்கு மனசு தாங்கவில்லை; பக்கத்தில் இருப்பவளிடம் கொட்டிவிட்டாள். முன்னே ஒரு பதிப்பகத்துக்குக் கதை முடித்துக் கொடுத்தவளாம். ஒருவர் சீட்டு எழுதுவாராம். ஒருமுறை இதே பெஞ்சுக்கு வரச் சொன்னாராம். அப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்ததால் பயந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டாளாம். கல்யாணம் ஒன்றும் உருப்படவில்லை. போன வருஷம் தனியாகத் திரும்பி வந்திருக்கிறாள். போன வாரம் கடையில் இந்தப் புத்தகத்தைப் பிரித்தால், முதல் வரியிலேயே அவர் கை தெரிந்ததாம். கடைசியில் இந்த இடம், இந்தத் தேதி.

"எட்டு வருஷம் கழிச்சும் கூப்பிடறார் பாருங்க" என்றாள். "இந்தத் தடவை ஓடக்கூடாதுன்னு எட்டு மணிக்கே வந்துட்டேன்." அப்புறம், பதில் இவளுக்குத் தெரியும் என்பது போலக் கேட்டாள். "வருவார், இல்ல?"

அறுபத்திரண்டு கதையை முடித்து வைத்தவள் இதற்கு ஒரு முடிவைத் தேடினாள். பொய் சொல்லலாம். உடம்பு சரியில்லை, வேறு ஊருக்குப் போய்விட்டார், உங்களை விசாரித்தார், எது சொன்னாலும் அந்த முகம் நம்பிவிடும். நம்பிவிட்டு அடுத்த சனிக்கிழமையும் எட்டு மணிக்கே இங்கு வந்து உட்காரும். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியும்.

"வரமாட்டார்மா" என்றாள். "அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. நான் அந்த ஆபீசுலதான் இருக்கேன்."

அந்தப் பெண் புத்தகத்தைத் திருப்பி, அட்டைப் படத்தைக் கீழே வைத்து, முதுகுப் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் பவுடர்மேல் கோடாக இறங்கியது. கடைசிவரைக்கும் தன்னைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பார், அந்தப் பாவம் தன்னை விடாது என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சுபம் அக்கா பையைத் திறந்து, உறைக்குள்ளிருந்து பதினெட்டாவது சீட்டை எடுத்தாள். இரண்டு நாளாக அதைத் தொடவே கை கூசியது. ஆனாலும் அதுதான் அவளுக்கு இருந்ததிலேயே பெரிய சொத்து. நீட்டினாள். நீங்கள் வரவில்லை, பரவாயில்லை, மழை என்று இருக்கிற அந்த வரிகளை அந்தப் பெண் உதடு அசையப் படித்தாள். படித்து முடித்ததும் சீட்டை வாயில் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். சுபம் அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஒரு சீட்டாவது, மீன் வாடைச் சீட்டாவது தனக்கென்று வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் மனசு கெஞ்சியது. பிறகு உறையோடு எல்லாவற்றையும் அவள் மடியில் வைத்துவிட்டாள்.

"எல்லாமே எனக்கா?"

"எல்லாமே உங்களுக்கு எழுதினதுதான்."

அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். நடுவில் ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். நெடுநேரம் கழித்துத்தான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "அவர்தான் இல்லயே, அப்ப இந்தக் கடைசிப் பக்கத்தை யார் எழுதினது? என்னை இங்க வரச்சொல்லி?"

"நான்தான் எழுதினேன்."

"யாருக்காக எழுதினீங்க?"

சுபம் அக்கா எதிரே தண்டவாளத்தைப் பார்த்தாள். உள்ளே இருந்ததைச் சொல்லியிருக்கலாம். ஐந்து வருஷம் அவரோடு குடும்பம் நடத்தினேன், என்னிடம்தான் கடைசியில் பேசிக்கொண்டிருந்தார் என்று கத்தியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் பரிதாபப்பட்டு ஒரு சீட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பாள்.

"யாருக்காகவும் இல்லம்மா" என்றாள். "சும்மா, கதைக்காக."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. அவரே கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறிப் போனாள். இந்த ஐந்து வருஷத்தில் சுபம் அக்காவின் எழுத்தை நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் எழுந்து போகவில்லை. அழலாம் என்றால் என்ன உறவைச் சொல்லி அழுவது? அவர் இவளை விட்டுப் போகவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்படி ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரு ரயில் வந்து நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். அத்தனை முகத்தையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள், பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் பார்த்தாள். ரயில் போய்விட்டது. கையில் பெட்டியோடு ஒரு மனிதர் வந்து, பெஞ்சில் அவள் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"இங்க ஆள் வருதுங்களா?"

"இல்லைங்க" என்றாள். "யாரும் வரல. உக்காருங்க."